மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கடல் கடந்தவர்
காது கேளாத குழந்தைகளின் ஆசான் லாரன்ட் கிளெர்க்

மாலை ஷிப்டு முடிகிற நேரம். விக்ரோலி ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கி அலறுகிறது. நிற்காமல் போகும் பாஸ்ட் லோக்கலின் இரைச்சல் வேறு. பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் விழாது.

அந்தக் கூட்டத்தில் நாலைந்து வாலிபர்கள் மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டு நிற்பதைச் சில நாட்களில் பார்க்கலாம். அவர்கள் வாய் அசைவதில்லை. கைகள் பேசுகின்றன. கண்கள் கேட்கின்றன. எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கும் நண்பனிடமும் இங்கிருந்தபடியே நலம் விசாரிக்கிறார்கள். வண்டி வந்ததும் மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டியில் ஏறிக்கொள்கிறார்கள்.

ஊரில் இதை ஜாடை என்று சொல்லி விட்டுவிடுவோம். அது தவறு. இது ஒரு மொழி. இதற்கும் இலக்கணம் உண்டு. தமிழும் மராத்தியும் வேறு வேறாக இருப்பது போல, இந்திய சைகை மொழி வேறு, அமெரிக்க சைகை மொழி வேறு.

இப்படி ஒரு மொழியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றி, அதைக் கற்றுத்தர ஆசிரியர்களை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் லாரன்ட் கிளெர்க். அவரும் காது கேளாதவர். நம்மில் பலரைப் போலவே, கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று புறப்பட்டு, போன இடத்திலேயே வாழ்ந்து முடித்தவர்.

நெருப்பில் விழுந்த குழந்தை

பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்துக்கு அருகே லா பால்ம் என்று ஒரு கிராமம். அங்கே 1785-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கிளெர்க் பிறந்தார். தந்தை பத்திரம் எழுதும் நோட்டரி. ஊரின் மேயரும் அவர்தான்.

குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது, சமையலறையில் நாற்காலியில் இருந்து அடுப்பு நெருப்பில் விழுந்துவிட்டது. வலது கன்னம் வெந்து, தழும்பு நிரந்தரமாக நின்றுவிட்டது. காது கேட்கவில்லை என்பதும், மணம் தெரியவில்லை என்பதும் பிறகு தெரிந்தன. நெருப்புதான் காரணம் என்று வீட்டார் நினைத்தார்கள். பிறவியிலேயே அப்படியோ என்ற சந்தேகம் கிளெர்க்குக்குக் கடைசி வரை இருந்தது.

ஏழு வயதில் தாயார் அவரை லியோனுக்கு அழைத்துப்போய் ஒரு வைத்தியரிடம் காட்டினார். இரண்டு வாரம் தினமும் காதில் மருந்து ஊற்றினார்கள். பலன் இல்லை. பையன் வீடு திரும்பினான். பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூடம் கிடையாது. மாடு மேய்ப்பதும், வான்கோழிகளை ஓட்டிப் போவதும், குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதும்தான் வேலை.

பாரிஸ் பள்ளியில்

1797-ம் ஆண்டு சிற்றப்பா ஒருவர் அவரைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்று, காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார். டி லெப்பே என்ற பாதிரியார் ஏழைக் குழந்தைகளுக்காக இலவசமாகத் தொடங்கிய பள்ளி அது. கேளாத குழந்தைகளிடம் ஏற்கனவே ஒரு மொழி இருக்கிறது, ஆசிரியர்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கண்டுகொண்டவர் அவர். 1789-ம் ஆண்டு அவர் காலமானார். அவருக்குப் பின் சிக்கார் என்ற பாதிரியார் பள்ளியை நடத்தி வந்தார்.

கிளெர்க்குக்கு முதலில் பாடம் சொன்னவர் மாசியு என்ற இளைஞர். அவரும் காது கேளாதவர்தான். ஒரு வார்த்தையும் எழுதத் தெரியாமல் வந்த பையன், தன்னைப் போன்ற ஒருவரிடமே பாடம் கற்றான். தோழர்கள் அவனுக்கு ஒரு சைகைப் பெயரும் வைத்தார்கள். இரண்டு விரல்களால் கன்னத்தைத் தடவிக் காட்டினால் கிளெர்க் என்று பொருள். தழும்பே பெயராயிற்று.

அந்தப் பள்ளியில் இன்னொரு பாடமும் நடந்தது. துணை ஆசிரியர் ஒருவர் அவருக்கு வாயால் பேசக் கற்றுத்தர முயன்றார். இரண்டு எழுத்துகளின் ஒலி வேறுபாடு மட்டும் கிளெர்க்குக்குப் பிடிபடவில்லை. காதே கேட்காதவனுக்கு எப்படிப் பிடிபடும்? ஆசிரியருக்குப் பொறுமை போயிற்று. ஒருநாள் பையனின் தாடையில் குத்துவிட்டார். நாக்கு பல்லில் சிக்கி ரத்தம் வந்தது. இனி வாய் திறந்து பேசக் கற்கவே மாட்டேன் என்று கிளெர்க் அன்று முடிவு செய்தார். அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

படிப்பில் கெட்டிக்காரர். இருபது வயதில் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

அமெரிக்காவில் இருந்து வந்தவர்

அந்த நாளில் அமெரிக்காவில் காது கேளாதோருக்கு நிலையான பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்போர்டு என்ற ஊரில் காக்ஸ்வெல் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய மகள் ஆலிஸ் சிறு வயதில் காய்ச்சல் கண்டு செவிப்புலனை இழந்தாள். அடுத்த வீட்டு இளைஞர் தாமஸ் காலடெட் அந்தச் சிறுமியிடம் இரக்கம் கொண்டு, தொப்பியைக் காட்டி அதன் பெயரை மண்ணில் எழுதிப் படிப்பித்தார். டாக்டரும் நண்பர்களும் பணம் சேர்த்து, கற்பிக்கும் முறையை அறிந்து வரும்படி 1815-ம் ஆண்டு காலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டனில் பிரெய்டுவுட் என்ற குடும்பத்தார் இந்தப் பள்ளிகளை நடத்தி வந்தார்கள். கற்பிக்கும் முறை அவர்களுக்குத் தொழில் ரகசியம். ஆண்டுக்கணக்கில் தங்களிடம் வேலை செய்ய வேண்டும், கற்றதை வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். காலடெட் சம்மதிக்கவில்லை.

அந்தச் சமயம் சிக்கார் பாதிரியார் மாசியுவையும் கிளெர்க்கையும் அழைத்துக்கொண்டு லண்டன் வந்திருந்தார். அங்கே அவர்களைச் சந்தித்த காலடெட், மறு ஆண்டு பாரிஸ் சென்றார். ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் சில வாரங்களில் ஒரு மொழியைக் கற்றுவிட முடியுமா? கற்றவர் ஒருவரையே கூட்டிப்போவது மேல் என்று முடிவு செய்து, கிளெர்க்கை அழைத்தார்.

ஒப்பந்தம் எழுதப்பட்டது. காலம் மூன்று வருஷம். சம்பளம் வருஷத்துக்கு 2,500 பிராங்க். தாயாருக்கு மகனை அனுப்ப மனம் இல்லை. ஆனாலும் கிளெர்க் புறப்பட்டார். வயது முப்பது.

1816-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி கப்பல் கிளம்பியது. நியூயார்க் சேர 52 நாள் ஆயிற்று. அந்த நாட்களை இருவரும் வீணாக்கவில்லை. கிளெர்க் காலடெட்டுக்குச் சைகை சொல்லிக் கொடுத்தார். காலடெட் கிளெர்க்குக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்.

ஏழு மாணவர்கள்

கரை இறங்கியதும் பணம் திரட்டும் வேலை. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள். சபையில் உள்ளவர்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்குக் கிளெர்க் அங்கேயே இங்கிலீஷில் எழுதிப் பதில் சொன்னார். காது கேளாதவனுக்கு அறிவு வளராது என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கனெக்டிகட் சட்டசபை 5,000 டாலர் ஒதுக்கியது.

1817-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஹார்ட்போர்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் மாணவர்கள் ஏழு பேர். ஆலிஸ் அவர்களில் ஒருத்தி.

மறு ஆண்டு கிளெர்க் வாஷிங்டன் சென்றார். நாடாளுமன்றத்தில் சபாநாயகர் பக்கத்தில் அவருக்கு இருக்கை போட்டார்கள். ஜனாதிபதி மன்றோவையும் சந்தித்தார். 1819-ல் பள்ளிக்காக மத்திய அரசு 23,000 ஏக்கர் நிலம் வழங்கியது. அதே ஆண்டு, தம் மாணவியாக இருந்த எலிசா போர்டுமேனைக் கிளெர்க் மணந்தார். அவரும் காது கேளாதவர். பிறந்த ஆறு குழந்தைகளுக்கும் காது நன்றாகக் கேட்டது.

ஆசிரியர்களை வார்த்தவர்

பாடம் நடத்தியதோடு கிளெர்க் நின்றிருந்தால், ஒரு ஊரில் ஒரு பள்ளி மட்டும் இருந்திருக்கும். அவர் செய்த பெரிய காரியம் ஆசிரியர்களை உருவாக்கியதுதான்.

கென்டக்கி மாநிலத்தில் 1823-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஜான் ஜேக்கப்ஸ் என்ற கல்லூரி மாணவரை ஹார்ட்போர்டுக்கு அனுப்பினார்கள். கிளெர்க்கிடமும் காலடெட்டிடமும் கற்றுத் திரும்பிய அவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளியை நடத்தினார். பிலடெல்பியா பள்ளி தலைவர் இல்லாமல் தடுமாறியபோது கிளெர்க்கே போய் ஏழு மாதம் இருந்து சரிசெய்தார். இப்படி மாநிலம் மாநிலமாக ஆசிரியர்கள் போனார்கள். கிளெர்க் கொண்டுவந்த பிரெஞ்சு சைகைகளும், பிள்ளைகள் வீட்டில் இருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்க சைகை மொழி வளர்ந்தது. ஹார்ட்போர்டில் படித்தவர்கள் பலர் தாங்களும் ஆசிரியர் ஆனார்கள்.

மூன்று வருஷத்துக்கு வந்தவர் நாற்பத்தொரு வருஷம் பாடம் சொன்னார். பிறந்த நாட்டுக்கு மூன்று தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் ஹார்ட்போர்டுக்கே திரும்பினார். 1858-ல் ஓய்வு பெற்றார். 1864-ம் ஆண்டு வாஷிங்டனில் காது கேளாதோருக்குப் பட்டம் வழங்கும் கல்லூரி தொடங்கியபோது, 78 வயதில் விழாவுக்குச் சென்று உரை வழங்கினார். அந்தக் கல்லூரிக்கு அனுமதிச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். காலடெட்டின் பெயரால் இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

1869-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி கிளெர்க் ஹார்ட்போர்டில் காலமானார். அப்போது அமெரிக்காவில் காது கேளாதோர் பள்ளிகளில் பத்து ஆசிரியர்களுக்குச் சுமார் நாலு பேர் காது கேளாதவர்கள்.

மிலான் மாநாடு

அவர் இறந்து பதினோரு ஆண்டுகளில் இடி விழுந்தது.

1880-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இத்தாலியில் மிலான் நகரத்தில் ஆசிரியர்கள் மாநாடு கூடியது. கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு முறையில்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரித்தவர்கள் 160 பேர். எதிர்த்தவர்கள் 4 பேர். வந்திருந்த பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! காலடெட்டின் மகன் எட்வர்ட் எதிர்த்துப் பேசியும் பலிக்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? வாய்ப்பேச்சு கற்பிக்கக் காது கேளாதவரால் ஆகாது என்று ஐரோப்பாவில் அந்த ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவிலும் அவர்கள் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. புதிதாக ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களுக்குச் சைகை சொல்லித் தரப்படவில்லை. வகுப்பில் கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். சிறுவன் கிளெர்க் தாடையில் வாங்கிய குத்து, எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொது விதி ஆகிவிட்டது. ஆனாலும் மொழி சாகவில்லை. விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் ஒளிந்து வாழ்ந்தது.

சைகையும் முழுமையான மொழியே என்று வில்லியம் ஸ்டோகோ என்ற பேராசிரியர் 1960-ல் ஆராய்ந்து காட்டிய பிறகுதான் காற்று திசை மாறியது. மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டு ஆயிற்று. 2010-ம் ஆண்டு கனடாவில் வான்கூவர் நகரத்தில் கூடிய அதே வரிசை மாநாட்டில் அது நடந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் முதல் காது கேளாதோர் பள்ளி மும்பையில்தான் 1885-ல் ஏற்பட்டது. கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் முயற்சி அது. நம் பாளையங்கோட்டையில் அந்த நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி, பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் சைகை மொழியைப் படித்துச் சான்றிதழ் பெற்று ஆசிரியர் ஆவதற்கு நம் நாட்டில் வழி திறக்க வெகு காலம் ஆயிற்று.

தில்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2009-ல் சைகை மொழிப் பட்டப்படிப்பு வந்தது. 2011-ல் அங்கேயே இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைந்தது. 2013-ல் அந்த மையம் மூடப்பட்டது. 2015 ஏப்ரலில் அதை வேறொரு நிறுவனத்தோடு இணைக்க உத்தரவு வந்தது. காது கேளாதோர் சும்மா இருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் நோக்கம் வேறு, எங்கள் மொழியின் தேவை வேறு என்று போராடினார்கள். அமைச்சர்களைச் சந்தித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மையத்தைத் தனி அமைப்பாக நடத்த மத்திய மந்திரிசபை ஒப்புதல் வழங்கியது. சைகை மொழி பெயர்ப்பாளருக்கும், சைகை மொழி ஆசிரியருக்கும் அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ படிப்புகள் ஏற்பட்டன. ஆசிரியர் டிப்ளமோ காது கேளாதோருக்கென்றே அமைந்தது.

ஒரு சான்றிதழ் படிப்புக்கு இத்தனை போராட்டமா என்று சிலர் கேட்கலாம். வேலைக்கு மனுப் போட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அரசு முத்திரை இல்லாத படிப்புக்கு ஆபீசில் மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாத படிப்புக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத மொழி பள்ளிக்கூடத்தில் நிற்காது. மும்பையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் சேர்த்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிளெர்க் கட்டியதை அவருக்குப் பின் ஒரு தீர்மானம் உடைத்தது. பாதிக்கப்பட்டது தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள். திரும்பக் கட்டியவர்களும் பெரும்பாலும் காது கேளாதவர்களே. விக்ரோலி பிளாட்பாரத்தில் கையால் பேசும் அந்த வாலிபர்களில் ஒருவர் நாளை ஆசிரியர் ஆகலாம். அதற்கான படிப்பு மறுபடியும் மூடப்படாமல் பார்த்துக்கொள்வது, காது கேட்கும் நம் பொறுப்பும் ஆகும்.