பையன்களைத் தேடிப்போன ஆசிரியர்: ஹைதராபாத் ரஹீமின் கதை

அஸர் தொழுகை முடிந்த பிறகு கல்முனை சந்தாங்கேணி மைதானத்துப் பக்கம் போனால் பந்தோடு ஓடும் பையன்களைக் காணலாம். சிலரின் காலில் சப்பாத்து இருக்கும், சிலர் வெறுங்கால். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். அவர் இறந்து 60 வருடங்களுக்கு மேலாகிறது. பெயர் செய்யத் அப்துல் ரஹீம்.

1909இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்கு விளையாடினார், பின்னர் உள்ளூர்க் கழகமொன்றுக்கும் ஆடினார். தொழில் பாடசாலை ஆசிரியர். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார், இறக்கும் வரை அந்தப் பொறுப்பை வகித்தார். 1950இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியைக் கையிலெடுத்தார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணம் அந்த அணிக்கே போனது.

அவர் பயிற்சி தந்த விதம் ஆசிரியர் ஒருவருக்கே தோன்றக்கூடியது. வலது கால்காரன் இடது காலால் மட்டும் அடிக்க வேண்டும் என்று ஒரு சுற்றுப்போட்டி வைப்பார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, கைமாற்றித்தான் ஆகவேண்டும் என்று இன்னொன்று வைப்பார். பாடசாலைக் காலத்தில் எனக்கும் வலது கால் மட்டும்தான் வேலை செய்தது. அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

ஆட்களைக் கண்டுபிடிப்பது அவரது இன்னொரு வேலை. செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகுடாவில் ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் இருந்தான். ஆட்டத்தைக் கண்ட ரஹீம் அவனைப் பயிற்சிக்கு வரச்சொன்னார். ஹைதராபாத் வரை வந்துபோக அவனிடம் காசில்லை. சைக்கிளுக்கு ரஹீம் வழிசெய்து கொடுத்தார். அந்தப் பையன்தான் துளசிதாஸ் பலராம். பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை வீரர்களில் ஒருவரானார்.

1951இல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் அணி ஈரானை 1-0 என வென்று தங்கம் எடுத்தது. அடுத்த வருடம் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோல்வி. வேறொருவராக இருந்தால் அதோடு ஒதுங்கியிருப்பார். ரஹீம் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். வீரர்கள் சப்பாத்துக்கு மாறினார்கள், அணியை நிறுத்தும் முறையும் மாறியது. ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று கவனித்து அதைத் தன் வீரர்களுக்கு ஏற்றபடி அமைத்தார்.

நான்கே வருடங்களில் பலன் தெரிந்தது. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 எனத் தோற்கடித்தது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி அதுதான். நான்காம் இடத்தோடு திரும்பினார்கள்.

கடைசி அத்தியாயம் 1962, ஜகார்த்தா. அப்போது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தார்கள். ரஹீம் அவரை வெளியே உட்காரவைக்கவில்லை, முன்வரிசைக்கு அனுப்பினார். செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டம், எதிரே அதே தென் கொரியா. அரசியல் சர்ச்சை ஒன்றினால் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலைக்காயத்தோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் காப்பாளர் தங்கராஜ் ஒரு கோலைத்தான் விட்டார். 2-1, தங்கம் இந்தியாவுக்கு.

ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11ஆம் திகதி, ரஹீம் காலமானார். வயது 53. அதன்பிறகு ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா ஒரு தங்கமும் வெல்லவில்லை. அவரைப் பற்றிய ‘மைதான்’ என்ற ஹிந்திப் படமே 2024இல்தான் வந்தது.

எங்கள் கரையோர ஊர்களில் கழகங்களுக்குக் குறைவில்லை. கிண்ணங்களுக்கும் குறைவில்லை. ஆனால் வெற்றிபெற்ற அணியோடு நின்று படம் எடுப்பவர்கள் பலர். பஸ் காசு இல்லாமல் பயிற்சிக்கு வராமல் போன பையனின் வீட்டைத் தேடிப்போகிறவர் எத்தனை பேர்? ரஹீம் விட்டுப்போன வேலை அதுதான். அதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை, பையன்களைக் கவனிக்கிற ஒரு ஆசிரியர் போதும்.