வேலூருக்கு வந்த மூளை டாக்டர்

போன வருஷம் காட்டுப்பாக்கம் பஸ் ஸ்டாப்ல ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு. சுத்தி நின்னவங்க எல்லாரும் சாவி கேட்டாங்க. நானும் என் பைக் சாவியை அவன் கையில திணிச்சேன். ஃபைனல் இயர் இன்ஜினியரிங் படிக்கிறவன்! இதே ரோட்டுல பூந்தமல்லி தாண்டிப் போனா வேலூர். அங்கே 1952-லேயே ஒருத்தர் வலிப்புக்கு ஆபரேஷன் செஞ்சிருக்கார்னு அப்புறம்தான் படிச்சேன். அவர்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

1910-ல் கோட்டயத்தில் பிறந்தவர். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கொஞ்ச காலம் பஹ்ரைனில் மிஷன் ஆஸ்பத்திரி வேலை, பிறகு அமெரிக்காவிலும் கனடாவின் மான்ட்ரியலிலும் பயிற்சி. மான்ட்ரியலில் அவருடைய குரு வைல்டர் பென்ஃபீல்ட். மூளைக்கு வலி தெரியாது. அதனால் மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, பேச்சு எங்கே, வலிப்பு கிளம்பும் இடம் எங்கே என்று தேடுவார் பென்ஃபீல்ட். நம்ம பாஷையில் சொன்னா, லைவ் சர்க்யூட்ல ஃபால்ட் தேடுற வேலை.

1949-ல் சாண்டி வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். எம்.ஆர்.ஐ. கிடையாது, சி.டி. ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரே, இ.இ.ஜி. கோடுகள், நோயாளி சொல்லும் விவரம், இவ்வளவுதான் கையில். 1951-ல் சென்னை டாக்டர் ராமமூர்த்தி உட்பட நாலு பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சாண்டி அதில் ஒருவர். அடுத்த வருஷம்தான் அந்த ஆபரேஷன். பிறகு மற்ற டாக்டர்களுக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

மாத்திரை இருக்கே, ஆபரேஷன் எதுக்கு? வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை கேட்பதில்லை. அவர்களில் சிலருக்கு, தாய் வயிற்றிலேயே மூளையின் ஒரு சின்ன இடத்தில் செல்கள் வரிசையாக அடுக்காமல் கலைந்து போயிருக்கும். சில செல்கள் ஊதிப் பெருத்திருக்கும். லண்டன் டாக்டர்கள் இதை விவரமாக எழுதியது 1971-ல், ஆபரேஷனில் எடுத்த மூளைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து. அதாவது கத்தி முதலில் போனது, காரணம் பின்னால் தெரிந்தது.

1964-ல் சாண்டிக்கு பத்மபூஷண் கிடைத்தது. 2007-ல், 97 வயதில் இறந்தார்.

அன்னைக்கு அந்தப் பையன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காம போயிட்டான். அவன் வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. செல் அடுக்கு மாறினது யார் தப்பும் இல்ல, பேயும் இல்ல. அடுத்த தடவை சாவி பாக்கெட்லயே இருக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன், வாயில எதுவும் வைக்க விடமாட்டேன், மணி பார்ப்பேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.