ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார்

பொருளை ஈட்டுதல் அரிது. அதனைச் செலவிடும் இடமறிதல் அதனினும் அரிது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை நம் இளைஞர் அறிந்துகொள்ளுதல் நலம்.

கம்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுப்போர் குடியேறியமையால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. துணி வாணிகத்தால் வளர்ந்த அவ்வட்டாரத்திற்குப் பெருமை சேர்த்தவர் ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார். இவர் தேவாங்கர் குலத்தில் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். பி.ஏ. பட்டம் பெற்றும் உத்தியோகத்தை நாடாது, நெசவு, தோல் முதலிய தொழில்களை மேற்கொண்டு செல்வரானார். 1909இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஒருவராயிருந்து, பின்னர் அதன் தலைமையையும் பல்லாண்டு வகித்தார்.

1882 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இவர் சென்னை நகரசபையில் தொண்டாற்றினார். திருவல்லிக்கேணிக் கோயிற்குளத்தைப் பற்றிய விவகாரத்தில் டாக்டர் டி. எம். நாயருக்கும் இவருக்கும் அங்கே பெரும்பிணக்கு நேர்ந்தது. எனினும், டாக்டர் சி. நடேச முதலியாரின் முயற்சியால் அப்பிணக்கை மறந்து, 1916 நவம்பரில் மூவரும் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பொதுநலத்தின் பொருட்டுச் சொந்தப் பகையை விடுதல் எளிதன்று.

உத்தியோகஸ்தரல்லாதாருள் முதன்முதல் நகரசபைத் தலைவரானவர் இவரே. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் ஏழைகள். வறுமையினால் பள்ளியின் தொகை குன்றுவதை இவர் கண்டார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்கும் திட்டத்தை 1920 செப்டம்பரில் சபை ஏற்றது. பின்னர் அது வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கே. வரவுசெலவு நன்கறிந்த வணிகர், பசித்த குழந்தையின் உணவையும் நகரசபைச் செலவுகளுள் ஒன்றாக எழுதச் செய்தார்.

அவ்வாண்டின் இறுதியில் கவர்னர் வில்லிங்டன் பிரபு மந்திரிசபை அமைக்க இவரை அழைத்தார். இவர் அப்பதவியை ஏலாது, கட்சித் தலைமையிலேயே நின்றார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார்.

சிற்றுண்டிச் செலவை ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து செய்தலாகாது என்று அரசாங்கத்தார் தடுத்தமையால், 1925 ஏப்ரல் முதல் நாளன்று அத்திட்டம் நின்றது. அம்மாதம் 28ஆம் நாள், எழுபத்துமூன்று வயது நிரம்பிய மறுநாளே, தியாகராயரும் காலஞ்சென்றார். ஆயினும் அவர் இட்ட வித்து அழியவில்லை. நகரசபைப் பள்ளிகளில் சிற்றுண்டி மீண்டும் தொடங்கியது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாகாண முழுவதற்கும் உரியதாக வளரலாயிற்று.

தியாகராய நகரும், 1950இல் வண்ணாரப்பேட்டையில் எழுந்த கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் மறுத்த மந்திரிப் பதவியை இன்று நினைப்பார் சிலரே. அவர் கணக்கிலெழுதிய ஓரணாவோ தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் பசியை ஆற்றி வருகிறது. நம் இல்லங்களின் கணக்கேட்டிலும் அத்தகைய ஓரணாவுக்கு ஒரு வரி இருத்தல் வேண்டும்.