ஜபல்பூர் மழையில் பிறந்து ஊட்டியில் விதி கண்ட ஸ்னூக்கர்: யார் இந்த நெவில் சேம்பர்லேன்?

ஏற்காடு பக்கம் மஞ்சக்குட்டை மாதிரி மலை ஊர்களில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. வீட்டில் கேரம் போர்டு இருந்தால் அன்றைக்கு அதுதான் கதி. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மழைக்கால சலிப்பில்தான், 1875-ல், இன்றைக்கு உலகம் முழுக்க டிவியில் பார்க்கும் ஸ்னூக்கர் பிறந்தது. பிறந்த இடம் இங்கிலாந்து இல்லை, மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர். அதற்கு ஒழுங்கான விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம்ம ஊட்டியில்.

காரணமான ஆளின் பெயர் நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு சேம்பர்லேன். ஹிட்லரோடு மியூனிக் ஒப்பந்தம் போட்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் வேறு ஆள். கூகுளில் தேடினால் முதலில் அவர்தான் வந்து நிற்பார், குழம்ப வேண்டாம்.

நம்ம சேம்பர்லேன் 1856 ஜனவரி 13 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா இந்திய ராணுவத்தில் அதிகாரி. மகனும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, 1873-ல் டெவன்ஷயர் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். ஜபல்பூர் வந்தபோது வயது 19. மழைக்காலத்தில் அதிகாரிகளின் மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் டேபிள்தான் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் சும்மா இல்லை, காசு வைத்துத்தான் ஆடினார்கள்.

அங்கே என்ன ஆடினார்கள் என்று தெரிந்தால்தான் அவர் செய்தது என்ன என்று புரியும்.

முதல் ஆட்டம் பிரமிட்ஸ். 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் குழியில் தள்ள வேண்டும். தள்ளிய பந்துக்கு ஒரு தொகை. இதில் தைரியம்தான் முக்கியம், குறி சரியாக இருந்தால் அடித்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது லைஃப் பூல். இது வேறு மாதிரி. ஒவ்வொருவருக்கும் தனி நிறத்தில் ஒரு பந்து, தலா மூன்று உயிர். உங்களுக்கு முன்னால் ஆடியவரின் பந்தை நீங்கள் குழியில் தள்ளினால் அவருக்கு ஓர் உயிர் போச்சு, காசும் போச்சு. ஆனால் உங்களுக்கு அடுத்து ஆடுபவர் குறிவைப்பது உங்கள் பந்தைத்தான். அதனால் எதிராளியின் பந்து விழுந்ததா என்பதோடு கதை முடியாது, அடித்த பிறகு உங்கள் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை.

பந்தின் நடுவுக்கு மேலே அடித்தால், அது எதிர்ப்பந்தை மோதிய பிறகும் முன்னால் உருண்டு போகும். இதுதான் ஃபாலோ. ஒரு பந்தில் உரசி இன்னொரு பந்தைத் தொட வைப்பது கேரம், பில்லியர்ட்ஸ்காரர்கள் கேனன் என்பார்கள். இரண்டையும் அழகாக அடிக்கத் தெரிந்தவர் கைதட்டல் வாங்குவார். ஆனால் கொஞ்சம் வேகம் கூடி, பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் அடுத்த ஆளுக்கு விருந்து. அதனால் பல பேர் குறியே வைக்காமல், மெதுவாகத் தொட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். கேரம் போர்டில் ரெட் காயினை எடுக்கப் போய், கவர் போட முடியாமல் திருப்பி வைத்தவர்களுக்கு இந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது பிளாக் பூல். லைஃப் பூலோடு ஒரு கறுப்புப் பந்தைச் சேர்த்துக்கொண்டார்கள். தன் பந்தைத் தள்ளியவர், விருப்பப்பட்டால் கறுப்பையும் முயற்சி செய்யலாம். விழுந்தால் எல்லோரும் அவருக்குக் காசு தர வேண்டும். ஆசை காட்டும் விதி இது.

சேம்பர்லேன் செய்தது இவற்றை ஒன்றாகக் கலந்ததுதான். பிரமிட்ஸின் 15 சிவப்பு, பிளாக் பூலின் கறுப்பு, கூடவே வேறு நிறப் பந்துகள் சில. நீலமும் பழுப்பும் பின்னால் சேர்ந்தவை. முதலில் சிவப்பு, பிறகு ஒரு நிறப்பந்து என்று மாறி மாறி அடிக்கும்போது, ஒவ்வொரு அடியிலும் அடுத்த அடிக்கான இடத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டியதாயிற்று. வாய்ப்பில்லை என்றால் எதிராளிக்கும் வாய்ப்பில்லாமல் மறைத்து வைக்கலாம். தைரியமாக ஆடுபவர், பதுங்கி ஆடுபவர் இரண்டு பேருக்கும் ஒரே மேசையில் வேலை கிடைத்தது.

பெயர் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். வூல்விச் ராணுவ அகாடமியில் முதலாண்டு மாணவர்களை ஸ்னூக்கர் என்று கேலி செய்வார்களாம். அங்கே படித்துவிட்டு வந்த ஓர் இளம் அதிகாரி இதை மெஸ்ஸில் சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஒருவர் குழி ஓரத்தில் நின்ற சுலபமான நிறப்பந்தைக் கோட்டைவிட்டார். நீ சரியான ஸ்னூக்கர்தான் என்று சேம்பர்லேன் கலாய்த்தார். ஆளு முகம் சுருங்கியதும், இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்தான், இதற்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று சமாளித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவர் மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார். இரண்டாம் ஆப்கன் போரில் ஜெனரல் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்றி, 1880-ல் காந்தஹார் சண்டையில் காயம்பட்டார். 1881-ல் ராபர்ட்ஸ் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியானபோது சேம்பர்லேனும் கூடவே வந்தார். கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவிடும் காலம் அது. ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டம் தினசரி வழக்கமாகி, 1882-ல் விதிகள் எழுதப்பட்டு சுவரில் மாட்டப்பட்டன. அதுவரை மெஸ்ஸுக்கு மெஸ் வாய்வழியாக மாறிக்கொண்டிருந்த ஒன்று, அன்றுதான் முறையான ஆட்டமானது.

மலையை விட்டு இறங்கியது எப்படி? 1885-ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் ஜூனியர் கல்கத்தா வந்திருந்தார். கூச் பிஹார் மகாராஜாவுடனான விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார். அவர் வழியாகவே ஆட்டம் கப்பலேறியது என்கிறார்கள்.

சேம்பர்லேனுக்கு அப்போது 29 வயது. மீதி வாழ்க்கையில் பில்லியர்ட்ஸுக்குப் பெரிய இடமில்லை. 1890 முதல் 1897 வரை காஷ்மீர் அரசின் ராணுவச் செயலர், பிறகு தென்னாப்பிரிக்காவில் போயர் போர். 1900-ல் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற அயர்லாந்து போலீஸ் படையின் தலைவரானார். அங்கேதான் பெரிய அடி விழுந்தது.

1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. கிளர்ச்சி வரலாம் என்ற தகவல்களை அவரது படை முன்பே மேலே அனுப்பியிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கியில் வந்து இறங்கிய ரோஜர் கேஸ்மென்ட்டை, எழுச்சிக்கு மூன்று நாள் முன்பு பிடித்ததும் அந்தப் படைதான். ஆனால் டப்ளின் நகரம் அவர் கட்டுப்பாட்டில் இல்லை, அதற்குத் தனி போலீஸ். மேலிடமோ கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று இருந்துவிட்டது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். குழு முக்கியப் பொறுப்பை அமைச்சர் அகஸ்டின் பிரெல் மீது வைத்தது. ஆனாலும் சேம்பர்லேன் அந்த ஆண்டே பதவி விலகினார். தப்பு அவருடையதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குள் அவர் ஆட்டம் எங்கேயோ போயிருந்தது. 1927-ல் முதல் உலக சாம்பியன்ஷிப்பை ஜோ டேவிஸ் வென்றார். ஆனால் கண்டுபிடித்தவர் யாரென்று ஆடுபவர்களுக்கே தெரியாது. 1938-ல் இங்கிலாந்தின் ஒரு பத்திரிகையில் ஸ்னூக்கர் வூல்விச்சில் தோன்றியது என்று பேச்சு கிளம்பியபோதுதான், 82 வயது சேம்பர்லேன் வாய் திறந்தார். ஜபல்பூர், ஊட்டி என்று எல்லாவற்றையும் விவரித்துக் கடிதம் எழுதினார். உடன் இருந்த பழைய அதிகாரிகள் ஆமோதித்தார்கள். மறு ஆண்டு நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி அதை ஆராய்ந்து, அவர் சொன்னதே சரி என்று எழுதினார். அறுபது வருஷம் ஏன் சும்மா இருந்தார்? ஒருவேளை, மெஸ்ஸில் போட்ட ஒரு விளையாட்டு இவ்வளவு பெரிதாகும் என்று அவரே நினைக்கவில்லையோ என்னவோ.

1944 மே 28 அன்று ஆஸ்காட்டில் 88 வயதில் காலமானார். நாற்பது வருஷம் கழித்து, 1984-ல், இந்தியாவின் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். போட்டி நடந்தது அயர்லாந்தில்.

ஊட்டி கிளப்பில் அந்த பில்லியர்ட்ஸ் அறை இப்போதும் இருக்கிறது. ஆனால் அது தனியார் கிளப். டூர் போகிற நாமெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.