யார் இந்த ஆவுடை அக்காள்? தீட்டைக் கேள்வி கேட்ட செங்கோட்டைக் கவிஞரின் கதை

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் ஒரு பிராமணக் குடும்பம். விவரம் தெரியாத வயசிலேயே அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. விவரம் தெரிவதற்குள் கணவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன கதி? தலையை மழித்து, வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். நல்ல காரியங்களில் முகம் காட்டக்கூடாது. ஆனால் ஆவுடை அக்காள் மூலையில் முடங்கவில்லை.

குரு யார்?

கும்பகோணம் பக்கத்தில் உள்ள திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள்தான் இவருக்கு உபதேசம் செய்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கார்த்திகை அமாவாசையில் கிணற்றில் கங்கை நீராடல் நடக்கிறதே, அதே ஐயாவாள்தான். ஒரு விதவை ஞானம் பேசுவதை ஊர் ஏற்கவில்லை; அக்காளை ஒதுக்கி வைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அப்படி என்ன பாடினார்?

சமஸ்கிருதம் படித்த ஆண்கள் கையில் இருந்த அத்வைதத்தை, அடுப்படித் தமிழுக்குக் கொண்டுவந்தார். கும்மி, அம்மானை, பள்ளு, குறவஞ்சி என்று பெண்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடினார். இவரது 'சூடாலைக் கும்மி'யின் நாயகி, கணவனான ராஜாவுக்கு முன்பே ஞானம் பெற்று, அவனுக்கே குருவாகும் ராணி!

தீட்டையும் விடவில்லை. பெண்ணை விலக்கி வைக்கும் அந்த உதிரத்தில் இருந்துதானே எல்லா உடம்பும் உருவாகிறது, அப்புறம் யார் சுத்தம், யார் அசுத்தம் என்பதுதான் இவரது வாதம்.

பாடல்கள் எப்படித் தப்பின?

கிட்டத்தட்ட இதே காலகட்டத்தில், 1693-ல், பெண்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் மறுக்கப்படுவதை எதிர்த்து பிரான்ஸில் கேப்ரியல் சூஷோன் புத்தகம் எழுதினார். அதுவும் புனைபெயரில்தான். அவருக்காவது அச்சகம் இருந்தது. அக்காளுக்கு இருந்தது பெண்களின் ஞாபகம் மட்டுமே.

பாட்டியிடம் கேட்டு பேத்தி பாடினாள். விதவைகள் மனப்பாடம் செய்து வைத்தார்கள். சிலர் நோட்டில் எழுதினார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட பாடல்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வரத் தொடங்கின. 2002-ல் தபோவனம் ஞானானந்தா நிகேதன் பெரிய தொகுப்பாகவே வெளியிட்டது.

கடைசியில் என்ன ஆனார்?

ஓர் ஆடி அமாவாசை நாளில் குற்றாலத்தில் நீராடிவிட்டு மலையேறிய அக்காள் திரும்பி வரவே இல்லை என்கிறது செங்கோட்டைப் பக்கத்துக் கதை. அக்காள் போய்விட்டார். அவரை ஒதுக்கிய ஊர்ப் பெண்களின் வாயிலேயே பாட்டு தங்கிவிட்டது.