விடியற்காலையில் கேட்ட பறை

ஏழாயிரம்பண்ணைக் கரிசல் காட்டிலே, அந்தக் காலத்தில், ஒருத்திக்குப் பேறுகால வலி கண்டு பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால் வீட்டார் என்ன செய்திருக்க முடியும்? வண்டி பூட்ட வேண்டும். மாடுகளை விரட்டிச் சாத்தூர் போய்ச் சேர வேண்டும். சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும், உயிரும் பிரிந்துவிடும். தூரம் கொன்றது, வறுமை கொன்றது என்று சொல்லி அழலாம். ஆனால் மருத்துவர் கண்ணெதிரே நிற்கிறார், கருவி கையிலே இருக்கிறது, அழைத்தால் வரவும் ஆயத்தமாக இருக்கிறார். அப்போதும் பெண்ணைச் சாகவிட்டார்கள் என்றால், அந்தச் சாவுக்கு என்ன பெயர் வைப்பது?

அப்படி மூன்று பெண்கள் ஓரிரவிலே மாண்டதைக் கண்டவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூர் ஆஸ்பத்திரி என்றால் அறியாத தொழிலாளி உண்டா? அதை உண்டாக்கிய அம்மையாரின் கதைதான் இது.

சாவு அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், நியூயார்க்கிலே நல்ல வருமானத்தோடு இருந்த மருத்துவர். 1819இல் மனைவி ஹாரியட்டையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போஸ்டனில் கப்பலேறினார். பல மாதக் கடற்பயணம். கல்கத்தா வந்த இடத்திலே குழந்தை இறந்தது. யாழ்ப்பாணம் போய்ப் பண்டத்தரிப்பிலே குடியேறினார்கள். அங்கே பிறந்த குழந்தையையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். ஊரிலே காய்ச்சல், வாந்திபேதி. உறவென்று சொல்ல ஒருவர் இல்லை. வந்த கப்பலிலேயே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அங்கேயே மருத்துவமனை வைத்தார். பிறகு சென்னைக்கு வந்தார். ஹாரியட் அம்மையார் 1849இல் சென்னையிலே இறந்தார். உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்கா போன ஜான் ஸ்கடர் 1855இல் அங்கேயே மறைந்தார். பிழைத்து வளர்ந்த பிள்ளைகளிலே ஏழு ஆண்மக்கள் இந்த நாட்டுக்கே பணியாற்ற வந்தார்கள். மதம் பரப்பத்தானே வந்தார்கள் என்று கேட்பார் உண்டு. ஆம், அதற்கும்தான் வந்தார்கள். அந்த வழக்கை வேறொரு நாள் பேசலாம். வாந்திபேதிக்காரனின் தலைமாட்டிலே அதைப் பேச வேண்டாம்.

அந்த எழுவரில் இளையவரின் மகளாக, இராணிப்பேட்டையிலே 1870 டிசம்பர் 9ஆம் நாள் ஐடா பிறந்தார். தாது வருஷப் பஞ்சம் வந்தபோது ஆறேழு வயது. எலும்பும் தோலுமாய் வந்து விழுந்த குழந்தைகளின் வாயிலே ரொட்டியைப் பிட்டு ஊட்டினார் அந்தச் சிறுமி. ஊட்டும்போதே செத்துக்கொண்டிருந்த குழந்தைகள்! பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. சில ஆண்டுகள் கழித்துத் தந்தை இந்தியாவுக்குத் திரும்பினார், தாயும் பின்தொடர்ந்தார். பெண் மட்டும் உறவினர் வீட்டிலே விடப்பட்டாள். தாய் படுத்திருந்த கட்டிலில் முகம் புதைத்து இரவெல்லாம் அழுதாளாம். இந்தியா என்றாலே அவளுக்குக் கசப்பு. ஏன் கசக்காது? தன் வீட்டைப் பிரித்த நாடல்லவா!

தாய் சோபியா நோயுற்றார் என்று 1890இல் செய்தி வந்தது. உதவிக்காகத் திண்டிவனம் வந்தாள் ஐடா. தாய் தேறும்வரை இருப்பது, பிறகு கப்பலேறிவிடுவது, இந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, இதுதான் முடிவு.

ஓர் இரவு விளக்கருகே உட்கார்ந்திருந்தாள். வாசலிலே ஒரு பார்ப்பன இளைஞர். மனைவிக்குப் பிரசவம், மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், வர வேண்டும் என்று மன்றாடினார். மனைவிக்குப் பதினான்கு வயது. நான் மருத்துவம் படித்தவளல்ல, என் தந்தைதான் டாக்டர், இப்போதே அவரை அழைத்து வருகிறேன் என்று ஐடா துடித்தாள். வந்தவர் பின்வாங்கினார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதா? அதைவிட அவள் சாகலாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் இன்னொருவர். இவர் முஸ்லிம். அதே வேண்டுதல், அதே பதில். மூன்றாவதாக மற்றோர் உயர்ந்த சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார். மூவரும் மூன்று வகை. பழகும் இடம் வேறு, தொழும் இடம் வேறு. பெண்ணைப் பூட்டி வைப்பதிலே மட்டும் என்ன ஒற்றுமை பார்த்தீர்களா, தோழர்களே! ஒன்று சொல்ல வேண்டும்: மூவரும் கல்மனத்தர் அல்லர். மனைவி பிழைக்க வேண்டும் என்று இருட்டிலே ஓடிவந்தவர்கள்தாம். கண்ணிலே நீரோடுதான் திரும்பினார்கள். திருப்பி அனுப்பியது வழக்கம். தாத்தன் போட்ட பூட்டுக்குப் பேரனிடம் சாவி இல்லை.

விடியற்காலையில் பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்தாள் ஐடா. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது பெற்றோரிடம் சொன்னது ஒன்றே: அமெரிக்கா போகிறேன், மருத்துவம் படித்துக்கொண்டு திரும்பி வருகிறேன்.

சொன்னபடியே படித்தார். பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்காவிலேயே தயங்கித் தயங்கித்தான் கதவு திறந்த காலம் அது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வேலூரிலே மருத்துவமனை கட்டுவதற்காக, இறந்துபோன மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக ஒரு செல்வர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 புத்தாண்டிலே ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் பக்கத்திலே நின்று தொழில் பழகலாம் என்றிருந்தார். சில மாதங்களில் தந்தை இறந்தார். இருபத்தொன்பது வயதுப் பெண், தனியாக. முதலில் நோயாளிகள் வரவே அஞ்சினார்கள். தந்தையின் பங்களாவிலே சிறிய அறையொன்றுதான் மருந்தகம். பிறகு வந்தார்கள், இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேர். 1902இல் நாற்பது படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது.

வர முடியாதவர்களிடம் அவரே போனார். முதலில் மாட்டு வண்டி. 1909இல் ஒரு பெஜோ மோட்டார் கார். தானாக ஓடும் வண்டியைக் கண்டு பேய் வருகிறது என்று சனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம். கொஞ்ச நாளிலே அந்தப் பேய் எப்போது வரும் என்று மரத்தடியிலே காத்துக் கிடந்தார்கள்.

ஒரு கை எத்தனை கதவைத் திறக்கும்? இந்த நாட்டுப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்றார். அதே 1909இல் நர்சுப் பள்ளி. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஆறு பேர் விண்ணப்பித்தால் பெரிது என்று மேலதிகாரி ஏளனமாகச் சொல்லியிருந்தார். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதலாண்டுத் தேர்வு வந்தது. மாகாணத்திலே ஆண் மாணவர்கள் பெரும்பாலோர் தோற்றார்கள். வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்! பெண்ணுக்கு மூளை மட்டு என்று வேதம் பேசியவர்கள் அன்று எங்கே முகத்தை வைத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை.

எந்தத் தாயின் நோய் ஐடாவைத் திரும்ப வரவழைத்ததோ அந்தச் சோபியா அம்மையார் வேலூரிலே மகளோடு இருந்து, 1925வரை வாழ்ந்தார். ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1942இல் பள்ளி, பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் கல்லூரி முதல்வர் பொறுப்பை ஏற்றவர் ஹில்டா லாசரஸ், இந்த நாட்டுப் பெண், பேறுகால மருத்துவத்திலே வல்லவர். முதியவராகிவிட்ட ஐடா அதைக் கண்ணாரக் கண்டார். 1960 மே 24ஆம் நாள் கொடைக்கானலில், எண்பத்தொன்பதாம் வயதிலே மறைந்தார். உடலை மலையிலிருந்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள்.

திண்டிவனத்திலே இறந்த அந்த மூன்று பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.