இரண்டு சத்தங்களுக்கு விடை தேடிய மனிதர்

திருகோணமலையில் நான் சிறுவனாக இருந்தபோது, துவக்குச் சத்தத்தைக் கேட்கும் விதத்தை அப்பா பங்கருக்குள் வைத்துச் சொல்லித் தந்தார். முதலில் தலைக்கு மேலே சாட்டை சொடுக்கியதுபோல ஒரு வெடிப்பு. பிறகு தூரத்திலிருந்து கனமாக ஒரு 'டும்'. முதற்சத்தம் கேட்டுவிட்டால் சன்னம் கடந்துவிட்டது என்பார். ஒரு சூட்டுக்கு ஏன் இரண்டு சத்தம் என்பது அவருக்கும் தெரியாது.

அதற்கு விடை கண்ட மனிதரைப் பௌதிகவியல் படித்த காலத்தில்தான் அறிந்தேன். அவர் எர்ன்ஸ்ட் மாக். இன்றைய செக் குடியரசின் புருனோ நகருக்கு அருகே 1838 இல் பிறந்தவர். துறவிகள் நடத்திய பாடசாலையில் படிப்பு ஏறாத பிள்ளை என்று கணிக்கப்பட்டார். தகப்பனார் வீட்டிலேயே படிப்பித்தார். இடையில் தச்சு வேலையும் பழகினார். 1860 இல் வியன்னாவில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1867 முதல் 28 ஆண்டுகள் பிராக் நகரில் பேராசிரியராக இருந்தார்.

அவரை இந்தக் கேள்விக்கு இழுத்ததும் ஒரு போர்தான். 1870-71 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் காயங்கள் குழிபோலப் பிளந்திருந்தன. பிரெஞ்சுப் படை வெடிக்கும் சன்னங்களைப் பாவித்ததா என்ற சந்தேகம் எழுந்தது. சன்னம் தனக்கு முன்னால் தள்ளிச் செல்லும் காற்றே காரணம் என்றார் ஒரு பெல்ஜிய அறிஞர். அந்தக் காற்றைக் கண்ணால் பார்க்க விரும்பினார் மாக்.

எங்களூர்போல ஃபியூமேயும் ஒரு துறைமுக நகர். அங்கிருந்த கடற்படைக் கல்லூரியின் பேராசிரியர் பீற்றர் சால்ஷர், மாக் வகுத்த முறைப்படி, மின்பொறி வெளிச்சத்தில் பறக்கும் சன்னத்தை 1886 இல் படம் பிடித்தார். மூதூருக்குப் போகும் படகின் அணியத்திலிருந்து இருபுறமும் விரியும் அலைபோல, சன்னத்தின் முன்னால் காற்று அலையாகத் தெரிந்தது. ஒலியை விட வேகமாகச் செல்லும் எதுவும் இந்த அதிர்ச்சி அலையை இழுத்துச் செல்லும். அப்பா கேட்ட முதற்சத்தம் அந்த அலை. இரண்டாவது துவக்கு வாயிலிருந்து வந்தது.

படகு போகும் வழியெல்லாம் அலை கரையில் மோதும். ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானமும் அப்படியே, தன் பாதை நெடுகக் கீழே உள்ளவர்களுக்கு வெடிச்சத்தத்தைக் கொடுக்கும். 1964 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகர் மீது ஆறு மாதங்களில் 1,253 தடவை இதைச் சோதித்தார்கள். முடிவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தங்களால் இதோடு வாழ முடியாது என்றனர். 1973 இல் தரைக்கு மேலே இத்தகைய பயணிகள் பறப்பை அமெரிக்கா தடை செய்தது. கொன்கோர்ட் சிங்கப்பூருக்குப் பறந்த காலத்தில், தன் நிலத்துக்கு மேலே அந்த வேகத்தை இந்தியாவும் அனுமதிக்கவில்லை.

தடையை நீக்கி, பதிலாகச் சத்தத்துக்கு ஒரு வரம்பு வகுக்கும்படி 2025 யூனில் அமெரிக்க ஜனாதிபதி உத்தரவிட்டார். எத்தனை டெசிபல் என்பதே இப்போதைய விவாதம்.

மாக் இதில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. 1898 இல் பக்கவாதம் அவரது வலப்பக்கத்தை முடக்கியது. 1916 இல் இறந்தார். ஒலியை விமானம் மிஞ்சியதை அவர் காணவில்லை. அவர் பெயர் வேக அளவுக்குச் சூட்டப்பட்டதும் 1929 இல்தான். ஆனால் சன்னத்தைப் படம் பிடித்த அதே 1886 இல், மனிதரின் புலனுணர்வே எல்லா அறிவுக்கும் அடி என்று வாதிடும் நூலையும் அவர் வெளியிட்டார். கருவி காட்டும் எண்ணோடு, கேட்பவர் உணர்வதையும் சேர்த்துப் பார்க்கத் தூண்டுவது அந்த நூல்தான்.

புதிய விமானத்தின் சத்தம் கார்க் கதவு சாத்துவதுபோல மட்டுமே இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் கார்க் கதவு சாத்தினால், அம்மா இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். வரம்பு வகுப்பவர்கள், போர் கண்ட ஊர்களின் செவிகளையும் கேட்டுவிட்டு வகுக்கட்டும்.